மூன்று ஊர்களில் ஒரே பதிவேடு



திருமணப் பதிவேட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு எந்த நாளில் தேவைப்படும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒருவரும் புரட்டாத பக்கத்தை, கணவரை அடக்கம் செய்த சில நாட்களில் ஒரு தாயார் தேடி வருவார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அது வேண்டியிருக்கும். அந்த வரி அகப்பட்டால் அரைமணி நேர வேலை. அகப்படாவிட்டால் அவர் கருவூலத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடக்கவேண்டிய நடையை நீங்களே அறிவீர்கள்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் பகுதியில் ஆற்றங்கரைச் சேகரத்தின் குருமனைக்குள் தண்ணீர் புகுந்து, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகளை நனைத்துவிட்டது. அவற்றை வெயிலில் விரித்துக் காயவைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். பழங்காலத்துக் கருமசியில் எழுதியவை பெரும்பாலும் நின்றுவிட்டன. பிற்காலத்தில் ஊற்றுப்பேனாவின் நீல மையால் எழுதியவையே கரைந்து பரவியிருந்தன. அதாவது, உயிரோடிருப்பவர்களுடைய திருமணங்களே அதிகமாக அழிந்துபோயிருந்தன.

அதன்பின் அண்டையிலுள்ள மூன்று சேகரங்கள் கூடிப் பேசினோம். எஞ்சிய காகிதப் பதிவேடுகள் அனைத்தையும் நகரத்துச் சேகர அலுவலகத்தின் மாடிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அவற்றிலுள்ள விவரங்களைத் தட்டச்சு செய்து, மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் இருக்கும்படி ஒரு தரவுத்தளத்தில் வைப்பது என்பது அடுத்த முடிவு. அந்த வேலையைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். வேதத்தில் எஸ்றாவின் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு இது புதிய காரியமாகத் தோன்றாது. ஆலயத்தைக் கட்ட கோரேஸ் ராஜா கொடுத்த கட்டளை உண்மைதானா என்ற கேள்வி எழுந்தபோது, தரியு ராஜா பாபிலோனின் சுருள்கள் இருந்த இடத்தில் தேடச் சொன்னான். சுருளோ மேதிய நாட்டின் அக்மேதாவில் கிடைத்தது. தேடியது ஓர் ஊர், கிடைத்தது வேறோர் ஊர்.

நாங்கள் தெரிந்துகொண்ட மென்பொருளின் பெயர் மரியாடிபி. பெயரைக் கேட்டவுடன் எங்கள் கமிட்டியில் ஒரு மூத்தவர், இது மரியாளின் பெயரா என்று கேட்டார். இல்லை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான பின்லாந்து நாட்டு மைக்கேல் வைடினியஸ், தம் மூத்த மகளாகிய மை என்பவரின் பெயரை முதல் படைப்புக்கு வைத்தார். 2009இல் அதிலிருந்து கிளைத்த இரண்டாவது படைப்புக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். இது திறந்த மூல மென்பொருள். விலை கொடுக்கவேண்டியதில்லை, மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். பல கணினிகளை ஒரே தரவுத்தளமாக இணைக்கும் கலேரா என்னும் பகுதியும் அவ்வாறே. அதை எழுதிய கோடர்ஷிப் நிறுவனமும் பின்லாந்தைச் சேர்ந்ததே.

இதை உறவுமுறைத் தரவுத்தளம் என்கிறார்கள். ஆட்களுக்கு ஒரு பட்டியல், ஞானஸ்நானத்துக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. ஒரே மனிதர் முதல் பட்டியலில் ஒருமுறை மட்டும் இருப்பார். குழந்தையாக, மணமகனாக, மற்றொரு குழந்தையின் தகப்பனாக, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வரியாக, மற்றப் பட்டியல்கள் அவரைச் சுட்டும்.

ஒரே ஒரு சேகரம் மட்டும் இருந்தால் இந்தக் கிளஸ்டர் வேண்டியதே இல்லை. ஒரு கணினியும், ஒழுங்காக எடுத்து வேறிடத்தில் வைக்கும் நகலும் போதும். எவராவது அதற்கு மேல் வேண்டும் என்று உங்களிடம் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். எங்களுக்கோ மூன்று ஊர்களிலும் எழுதவேண்டியிருந்தது. ஒரு கணினி தலைமையாக இருந்து மற்றவை பின்னால் படியெடுக்கும் ஏற்பாடும் உண்டு, அது எளியது. ஆனால் தலைமைக் கணினி விழுந்த இரவில் எதைத் தலைமையாக்குவது என்று தீர்மானிக்க எங்களிடம் ஆள் இல்லை. கலேராவில் மூன்றும் சமம். எந்த ஊரில் எழுதினாலும், எழுத்தர் சேமிக்கும் அந்த நொடியில் மாற்றம் மற்ற இரண்டுக்கும் போகும். எல்லா மாற்றங்களும் மூன்றிலும் ஒரே வரிசையில் சேரும். இரண்டு ஊர்களில் ஒரே வரியை ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், வரிசையில் முந்தியது நிற்கும், பிந்தியது தள்ளப்படும்.

சென்னையில் கணினித் துறையில் வேலைசெய்யும் நம் சபைப் பிள்ளை ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது மூன்று பழைய கணினிகளில் டெபியன் நிறுவி, மூன்று ஊர்களையும் வயர்கார்டு என்னும் மறைவழி இணைப்பால் கட்டினார். திறக்கவேண்டிய வாசல்கள் நான்கு: 3306, 4444, 4567, 4568. முதலாவது நம் கேள்விகளுக்கு, 4567 கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, மற்ற இரண்டும் பின்தங்கியவருக்கு விடுபட்டதை ஊட்ட. அவை மறைவழிக்குள் மட்டுமே திறந்திருக்கின்றன. இணையத்தை நோக்கித் திறந்துவைத்தால் மூன்று தலைமுறை விவரங்களைத் தெருவில் வைப்பதற்குச் சமம். ஒவ்வொரு கணினியின் அமைப்புக் கோப்பிலும் மூன்றின் முகவரிகளையும் எழுதினோம். முதல் கணினியைப் புதிய கிளஸ்டரைத் தொடங்கும் தனிக் கட்டளையால் எழுப்பவேண்டும். மற்ற இரண்டையும் சாதாரணமாக எழுப்பினால் போதும். அவை முதலாவதைத் தேடிப்போய் முழுத் தரவையும் படியெடுத்துக்கொண்டு சேர்ந்துவிடும். அன்று மாலை கிளஸ்டரின் அளவு என்ன என்று கேட்டபோது, திரையில் 3 என்று வந்தது.

மூன்றாம் நாளே தேரிக்காட்டுச் சேகரத்தின் எழுத்தர் கலங்கிப்போய் அழைத்தார். "ஐயா, நான் போட்ட பதிவுக்கு நம்பர் 1, 4, 7ன்னு வருது. நடுவுல உள்ளதை யார் எடுத்தா?" அவர் கேட்டது நியாயமே. பதிவேட்டில் எண் விடுபட்டால் பக்கம் கிழிக்கப்பட்டது என்றுதானே பொருள்? கலேரா வேறு நோக்கத்தோடு அப்படிச் செய்கிறது. மூன்று ஊர்களும் தனித்தனியே எண் கொடுக்கும்போது மோதாதிருக்க, ஒவ்வொன்றும் மும்மூன்றாகத் தாண்டிப் போகிறது. எனவே கணினி தரும் எண்ணை உள்ளே மறைத்துவிட்டு, காகிதப் பதிவேட்டின் வரிசை எண்ணையும் பக்க எண்ணையும் தனிக் கட்டங்களில் கையாலேயே இடுகிறோம். தமிழ்ப் பெயர்களுக்கு யூடிஎஃப்8எம்பி4 என்னும் எழுத்துக் குறியாக்கம் போதும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருத்தங்களை எவ்வாறு வைப்பது என்பதில்தான் நீண்டநேரம் பேசினோம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் 78ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவில் பிழை காணப்பட்டால், மூலப் பதிவைச் சிறிதும் மாற்றாமல் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமிட்டு, தேதியும் இடவேண்டும். மணந்தவர்கள் முன்னிலையில், அவர்கள் மரித்திருந்தால் அல்லது வர இயலாவிட்டால் நம்பத்தக்க வேறு இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதைச் செய்யவேண்டும். நம் சபைப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, எழுத்தர்களுடைய கணக்குகளுக்கு வாசிக்கவும் சேர்க்கவும் மட்டுமே அனுமதி கொடுத்தார். மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் இல்லை. ஓரக்குறிப்புகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மைக்கூட்டை மனதில் வைத்து எழுதிய விதி, இன்று தரவுத்தளத்தில் ஓர் அனுமதி வரியாக இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இந்த அனுமதிக் குறைப்பு வேறொரு வகையிலும் அவசியமாயிற்று. மூன்று கணினிகள் இருப்பதால் தரவு பத்திரம் என்று எண்ணுவது ஆபத்து. ஓர் ஊரில் ஒரு வரி அழிக்கப்பட்டால், அந்த அழிவும் அதே உண்மையோடு மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய்ச் சேரும். ஆகையால் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் முழு நகல் ஒன்று எடுத்து, ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, வேறொரு மாவட்டத்திலுள்ள உடன் ஊழியர் வீட்டில் வைக்கிறோம். அந்த ஹார்டு டிஸ்க் எந்த வலையிலும் இணைந்திருப்பதில்லை.

ஏன் மூன்று, இரண்டு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சேகரக் கமிட்டியில் இருந்தவர்களுக்குக் கோரம் என்றால் விளங்கும். கலேராவும் கோரம் பார்க்கிறது. மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றையொன்று காணவேண்டும். இரண்டு மட்டும் இருந்து நடுவிலுள்ள இணைப்பு அறுந்தால், ஒவ்வொன்றும் சரிபாதி. பாதி என்பது பாதிக்கு மேல் அல்ல. இரண்டுமே நின்றுவிடும். மூன்று இருந்து ஒன்று அறுந்தால், இரண்டு தொடர்ந்து வேலைசெய்யும். அறுந்த ஒன்று, தான் நல்ல உடல்நிலையில் இருந்தாலும், தன்னிடம் முழுத் தரவும் இருந்தாலும், எழுதவும் மறுக்கும், வாசிக்கவும் மறுக்கும். ஆயத்தமாகவில்லை என்று மட்டும் சொல்லும். தன்னைத் தவிர மற்றவர்கள் செத்துவிட்டார்களா, அல்லது தான்தான் தனித்துவிடப்பட்டோமா என்பது அதற்குத் தெரியாது. தெரியாத நிலையில் பேசாதிருக்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இதை நான் ஓர் எண்ணமாக மட்டும் அறிந்திருந்தேன், ஒரு மழைநாள் வரும்வரையில். முந்தின இரவே தேரிக்காட்டுக்குப் போகும் இணையக் கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது. கைபேசிக் கோபுரமும் பேசவில்லை. காலையில் ஒரு பெண் அங்கே அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய தகப்பனார் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், சில வாரங்களுக்கு முன் மரித்தவர். தாயாருடைய குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்ப, 1974ஆம் ஆண்டுத் திருமணப் பதிவின் விவரத் தாள் வேண்டும். எழுத்தர் தேடினார், கணினி மறுத்தது. தரவு அதே மேசைக்கு அடியில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக மாறாத ஒரு வரி. அந்தப் பெண் இரண்டு பேருந்து மாறி, நனைந்துகொண்டு வந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட வேளைக்கென்று கலேராவில் ஒரு வழி இருக்கிறது. அழுக்கு வாசிப்பு என்று அதற்குப் பெயர். அதை அனுமதித்தால், தனித்துவிடப்பட்ட கணினியும் தன்னிடம் உள்ளதை வாசித்துக் காட்டும், பழையதாக இருக்கலாம் என்ற நிபந்தனையோடு. எழுத்தருக்கு அந்தக் கட்டளை தெரியாது. தெரிந்திருந்தால் இட்டிருப்பார், நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் என் கை அதற்குத்தான் போயிருக்கும். அவர் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார்.

அதே காலையில் நகரத்துச் சேகரத்தின் மாடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் இரண்டு சாட்சிகளோடு அங்கே வந்திருந்தார். 1974ஆம் ஆண்டுப் பதிவில் தாயாருடைய பெயரின் பிற்பாதி விடுபட்டிருந்தது. ஆதார் அட்டையிலும் தகப்பனாரின் பணிப்பதிவேட்டிலும் முழுப்பெயர் இருக்கிறது. தாயார் வர இயலாத நிலையில் இருந்தபடியால், சட்டம் சொல்லுகிற முறைப்படி சாட்சிகள் முன்னிலையில் அங்குள்ள ஆயர் ஓரக்குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார். எழுத்தர் அதைக் கணினியில் சேர்த்தார். நகரமும் ஆற்றங்கரையும் ஒன்றையொன்று கண்டுகொண்டிருந்தபடியால் கோரம் இருந்தது, பதிவு ஏறிற்று. தேரிக்காட்டில் மட்டும் அது இல்லை. அன்று அங்கே தாள் அச்சாகியிருந்தால் பாதிப் பெயரோடு அச்சாகியிருக்கும். விண்ணப்பம் அந்தப் பெயரோடே போய், சில மாதங்கள் கழித்து ஆட்சேபணையோடு திரும்பியிருக்கும்.

மறுநாள் பிற்பகல் கம்பி சரியாயிற்று. தேரிக்காட்டுக் கணினி, தான் இல்லாத நேரத்தில் நடந்தவற்றை மற்றொன்றிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் மீண்டும் வந்து, ஓரக்குறிப்போடு கூடிய தாளைப் பெற்றுச்சென்றார்.

இதை நான் கணினியின் வெற்றியாக எழுதவில்லை. தேரிக்காட்டின் ஆயர் என்னிடம் வருத்தத்தோடு சொன்ன வார்த்தைகளையும் நீங்கள் கேட்கவேண்டும். "ஐயா, இந்த ஒரு தடவை அது சரியாப்போச்சு. திருத்தமே இல்லாத நூறு பேரு வந்தாலும் இப்படித்தானே திருப்பி அனுப்பணும்? வயசான ஒரு அம்மா வந்தா என்ன செய்ய?" அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பேசாதிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது கணினி அல்ல, வாசலில் நிற்பவர். ஆகவே ஒரு நடுவழி செய்தோம். தேடல் பக்கத்தின் ஓர் இணைப்பில் மட்டும், அந்த அமர்வுக்கு மட்டும், அழுக்கு வாசிப்பை அனுமதித்தோம். தொடர்பு அறுந்த நாளில் அங்கே பெயரும் பதிவேட்டு எண்ணும் பக்கமும் தெரியும். மேலே சிவப்பு எழுத்தில், இது பழைய நிலையாக இருக்கலாம் என்று நிற்கும். அச்சிடும் பொத்தான் இருக்காது. வந்தவர் குறைந்தபட்சம் தம்முடைய பதிவு இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு போகலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு நகரத்துக்கே நேரே போகவும் செய்யலாம். அவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

மற்றொரு இரவு மூன்று ஊர்களிலும் மின்சாரம் போய், ஒவ்வொன்றாக யூபிஎஸ் ஓய்ந்து, மூன்றும் விழுந்துவிட்டன. இந்த நிலையில் கலேரா தானாக எழும்பாது. கடைசியாக நின்றது யார் என்று நாம் சொல்லவேண்டும். ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு கோப்பு தன்னுடைய கடைசி வரிசை எண்ணைக் குறித்துவைக்கும். திடீரென்று விழுந்தால் அதில் கழித்தல் ஒன்று என்றே இருக்கும், அதாவது தெரியாது. அப்பொழுது மீட்புக் கட்டளையை இட்டு உண்மையான எண்ணைத் தேடி எடுக்கவேண்டும். ஆற்றங்கரையில் மின்சாரம் முதலில் போயிருந்தது, அதன் எண் மற்ற இரண்டையும்விட ஐந்து குறைவாக இருந்தது. முதலில் மின்சாரம் திரும்பியதும் அங்கேதான். அவசரப்பட்டு அதையே முதல்வனாக எழுப்பி, அதனுடையதையே மற்ற இரண்டுக்கும் படியெடுத்திருந்தால், ஐந்து பதிவுகள் போயிருக்கும். அவற்றில் இரண்டு ஞானஸ்நானங்கள். நம் சபைப் பிள்ளை சென்னையிலிருந்து தொலைபேசியில், "ஐயா, மூணு நம்பரையும் ஒரே தாளில எழுதுங்க. எழுதிட்டு அப்புறம் எழுப்புவோம்" என்றார். மற்ற இரண்டு ஊர்களிலும் மின்சாரம் வர நண்பகல் ஆயிற்று, அதுவரையில் எதையும் தொடவில்லை. அந்தத் தாளை இப்பொழுது மூன்று அலுவலகங்களிலும் கணினிக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறோம், எண்களுக்கு வெற்றுக் கோடுகளோடு.

இப்போது நான்காவதாக ஒரு சேகரம் சேர விரும்பிக் கேட்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் நான்கு என்பது இந்தக் கணக்கில் மூன்றைவிட மேலானது அல்ல. நான்கில் பாதிக்கு மேல் என்றால் மூன்று வேண்டும், ஒன்று விழுந்தால்தான் தாங்கும். இரண்டிரண்டாகப் பிரிந்தால் எவருக்கும் கோரம் இல்லை. ஐந்து இருந்தால் இரண்டு விழுந்தாலும் தாங்கும். கணினி வாங்க வசதியில்லாத ஓர் ஊரில், தரவு எதுவும் வைக்காமல் வாக்கு மட்டும் கொடுக்கும் ஒரு சிறு நடுவர் நிரலை ஓட்டவும் கலேராவில் வழி இருக்கிறது. அதற்கு மிகப் பழைய கணினியும், எப்போதும் இருக்கும் இணையமும், அது விழுந்தால் கவனிக்க ஓர் ஆளும் போதும். எங்கள் பகுதியில் ஐந்தாவதாக எந்தச் சேகரமாவது முன்வருமானால், தை மாதத்துக்குள் உங்கள் உபதேசியார் மூலமாக எனக்குத் தெரிவியுங்கள். நம் சபைப் பிள்ளை பொங்கல் விடுமுறைக்கு வரும்போது இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடலாம்.